எந்த வண்டி எண்ணெயை மிச்சம் பிடிக்கும்?

கொருக்குப்பேட்டைக்கு ஒரு பக்கம் துறைமுகம். வடக்கே போனால் எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி பிறந்த ஊர் அது. இந்த வட்டாரத்தில் சரக்கு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் சுமக்கும் அந்த வண்டிக்குக் "குட்டி யானை" என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒன்றேகால் டன் வண்டி. அதைவிடப் பெரிய பிக்கப்புகளும் உண்டு.

கடன் வாங்கி வண்டி எடுக்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதுதான். இந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள்

ஒன்றரை டன் சரக்கை 20 கிலோமீட்டர் தூரத்தில் இறக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். முக்கால் டன் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒன்றரை டன் வண்டி 12 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. (இவை கணக்குக்காகச் சொல்வது, எந்தக் கம்பெனி வண்டியையும் குறிப்பன அல்ல.)

சின்ன வண்டி இரண்டு தடவை போய் வர வேண்டும். 80 கிலோமீட்டர், 4 லிட்டர் செலவு. பெரிய வண்டி ஒரே நடையில் வேலையை முடிக்கும். 40 கிலோமீட்டர்; மூன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். "அதிகம் குடிக்கும்" வண்டிதான் இங்கே மிச்சம் பிடிக்கிறது!

சரக்கு அரை டன்தான் என்றால்? சின்ன வண்டிக்கு 2 லிட்டர் போதும். பெரிய வண்டி பாதி வயிற்றோடு ஓடி மூன்று லிட்டரையாவது குடித்துவிடும். ஆகவே, வண்டியைப் பார்த்துச் சரக்கு தேடாதீர்கள். தினமும் கிடைக்கும் சரக்கைப் பார்த்து வண்டி வாங்குங்கள்.

சின்ன வண்டியில் இரண்டு மடங்கு ஏற்றினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். டயரும் பிரேக்கும் போகும்; உயிரும் போகலாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் பறந்துவிடும்.

கண்ணை ஏமாற்றும் எண்

இன்னொரு விஷயம். ஒரு வண்டி 10-லிருந்து 12 கிலோமீட்டருக்கு உயர்கிறது. இன்னொன்று 20-லிருந்து 24-க்கு உயர்கிறது. எதில் லாபம் அதிகம்? இரண்டாவதில் என்று தோன்றும். அது தவறு! 100 கிலோமீட்டருக்கு முதல் வண்டி ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சம் தரும். இரண்டாவது ஒரு லிட்டர்கூடத் தராது.

பிரமாண்டமான பிக்கப்புகள் ஓடும் அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் உண்டு. அதனால்தான் 2013-ம் ஆண்டு மாடல்களிலிருந்து, 100 மைலுக்கு எத்தனை காலன் செலவு என்பதையும் புது வண்டியின் கண்ணாடிச் சீட்டில் அச்சிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படிச் செய்ய வேண்டும். காலி வண்டிக்கு எவ்வளவு, பாதிப் பாரத்துக்கு எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று 100 கிலோமீட்டர் கணக்கில் கம்பெனிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனைச் சாலையில் எடுத்த ஒரே ஓர் எண் ஏழை டிரைவருக்கு உதவாது. துறைமுகச் சாலை நெரிசலிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கிற நேரம் அந்த எண்ணில் ஏறுவதில்லை.

அதுவரை டிரைவர் செய்யக்கூடியது என்ன? டாங்கியை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஏற்றிய சரக்கையும் பக்கத்திலே எழுதுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள்.

தினம் ஒரு லிட்டர் மிச்சமானால் மாதம் 25 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 2,250 ரூபாய். அது ஒரு குடும்பத்தின் அரிசிக்காசு. அதைப் புகையாக விடலாமா?