பட்டறையா, பட்டமா? பிள்ளை தீர்மானிக்கட்டும்!

தேர்வு முடிவு வரும் நாளன்று தெருவெல்லாம் மிட்டாய் வழங்குகிறோம். ‘பையன் பாஸ்!’ என்று பூரிக்கிறோம். ‘பெண் முதலிடம்!’ என்று முழங்குகிறோம். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை நிமிர்ந்து நம்மைப் பார்த்து, “அடுத்து என்ன படிப்பது?” என்று கேட்கிறது. அப்போதுதான் நாம் மௌனமாகி விடுகிறோம். அந்த மௌனம் சாதாரணமானதல்ல, தோழர்களே! அது ஒரு தலைமுறையையே விழுங்கிவிடக் கூடியது.

அரியமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திருச்சி நகரத்தின் குப்பையைத் தன் தலையில் சுமந்த ஊர். அரிசி ஆலையிலே உழைப்போர், லாரியிலே சரக்கேற்றுவோர், காந்தி மார்க்கெட்டிலே மூட்டை தூக்குவோர் வாழும் ஊர். ஒருபுறம் பொன்மலை ரயில்வே பட்டறை. மறுபுறம் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிலையம். அதற்கும் அப்பால் துவாக்குடியிலே, 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்து நிற்கும் கல்விக்கூடம். அரியமங்கலத்துக்குள்ளேயே சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம். கல்விக்கூடங்கள் சுற்றி நிற்கின்றன, கதவுகளும் திறந்திருக்கின்றன. ஆனால், எந்தக் கதவு தனக்குரியது என்று மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகனுக்குச் சொல்ல ஆள் இருக்கிறதா?

ஆலையிலே நிரந்தர வேலை பார்ப்பவரின் வீட்டில் மாமா சொல்வார், சித்தப்பா சொல்வார், பக்கத்து வீட்டுப் பொறியாளர் சொல்வார். பரம்பரையாகப் படித்த குடும்பத்திலோ, பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே பத்தாண்டுக்குத் திட்டம் போட்டிருப்பார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளியிறுதியைத் தொட்ட பிள்ளைக்கு யார் சொல்வது? அன்று வேதத்தைப் பூட்டி வைத்தார்கள். இன்று விவரம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு மாறியிருக்கிறது, வெளியே நிற்கும் பிள்ளை மாறவில்லை!

வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும்? அப்பன் தொழில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். சட்டம் போட வேண்டாம். சும்மா விட்டாலே போதும், பழைய பள்ளத்துக்குத் தண்ணீர் தானே ஓடும்.

சட்டம் போட்டே அதைச் செய்யப் பார்த்த காலமும் உண்டு. 1953-இல் முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பனோடு தொழில் என்றொரு திட்டம் தீட்டினார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டியது நாடு. பெரியார் கொதித்தெழுந்தார். அந்த ஆண்டு ஜூலையில் தி.மு.க. மும்முனைப் போராட்டம் தொடுத்தது. அதன் ஒரு முனை இதே திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியிலே; இன்னொரு முனை குலக்கல்வியை எதிர்த்துச் சென்னையிலே. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் முதல்வரானார். அந்த ஆண்டு மே மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்தச் சிந்தனை செத்துவிட்டதா? 2023 செப்டம்பரில் டில்லி அரசு விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தது. தச்சு, கொல்லு, குயவு, செருப்புத் தைத்தல், முடிதிருத்தல், துணி வெளுத்தல் என்று 18 தொழில்கள். கடன் தருவார்களாம், கருவி தருவார்களாம். கைவினைஞனுக்குக் கடன் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும், வயது பதினெட்டு ஆனால் போதும்! பதினெட்டு எது? பள்ளியை முடித்த பிள்ளை கல்லூரி வாயிலில் கால் வைக்கும் வயது. அந்த வயதில் ஒரு கையில் கடன்பத்திரத்தையும் மறு கையில் அப்பனின் சுத்தியலையும் கொடுத்தால், அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பும்? அதனால்தான் 2024 நவம்பரில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2025 ஏப்ரலில், குலத்தைக் கேளாமல், 35 வயது கடந்தவர்களுக்காகக் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே உள்ளது வெறும் பதினேழு ஆண்டா? இல்லை, ஒரு மனிதன் தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குள் அடங்கியிருக்கிறது!

நாம் தொழிலை இகழ்கிறோமா? ஒருபோதும் இல்லை! உளியும் சம்மட்டியும் பிடித்த கைதான் இந்த நாட்டைக் கட்டியது. தொழில் இழிவல்ல, பிறப்பைக் காட்டித் திணிப்பதே இழிவு. கொல்லன் மகன் தெரிந்து, தேர்ந்து, விரும்பி ஐ.டி.ஐ.யில் பற்றவைப்பு கற்றால் அது பெருமை. வேறு வழி தெரியாமல் துருத்தி முன் குந்தினால் அது கொடுமை. காஞ்சிபுரத்து நெசவாளர் சமுதாயத்தில் பிறந்த ஒரு பிள்ளையைத் தறி கட்டிப் போட்டிருந்தால், பச்சையப்பன் கல்லூரியின் எம்.ஏ. பட்டதாரி அண்ணாவை நாடு கண்டிருக்குமா?

வழிகாட்ட அரசும் முனைந்திருக்கிறது. 2022 மார்ச் முதல் நாள் ‘நான் முதல்வன்’ திட்டம் பிறந்தது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-இல் 7.5 சதவீத இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. மத்திய அரசின் 2021-22 கணக்குப்படி, நூறு இளைஞரில் கல்லூரிக் கல்விக்குச் சென்றோர் இந்தியாவில் 28 பேர். தமிழகத்தில் 47 பேர். மார்தட்டிக்கொள்ள வேண்டிய கணக்குதான். ஆனால் மீதி 53 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? நம் வீட்டுப் பிள்ளைகள்தான், தோழர்களே!

“மூன்றாண்டு படித்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?” என்று தொழிலாளத் தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு ஆளின் கூலிக்கு ஈடாகாது. ஈடாகும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் படிப்புக்கு ஒரே பாதைதானா இருக்கிறது? பத்தாவது முடித்தவன் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படிக்கலாம். பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்தவன் அதே பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேராக நுழையலாம். பட்டயம் பெற்றவன் வேலைக்கும் போகலாம். பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பட்டறையிலிருந்து பட்டத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது. அது தெரியாததால்தான் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தெரியாததன் விலை பெரிது. பதினோராம் வகுப்பில் கணக்கில்லாத பிரிவை எடுத்துவிட்ட பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வின் வாயில் பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது. அந்தக் கலந்தாய்வின் தரவரிசை கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு அமைகிறது. விருப்பப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ, அதில் இடம் இருந்தால் அதுவே கிடைக்கும். வேண்டாத கல்லூரியை மேலே எழுதிவிட்டு, வேண்டியதைக் கீழே எழுதியவன் மதிப்பெண் இருந்தும் ஏமாறுகிறான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்காதவன் கட்டணச் சலுகையை இழக்கிறான். இந்த இடைவெளியில்தான் கமிஷனுக்குப் பிள்ளை பிடிக்கும் தரகன் நுழைகிறான். தாலியை அடகு வைக்கச் சொல்கிறான்.

அவனுக்கு முன்னால் நாம் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டாமா? அன்று நம் இயக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் திறந்தது. சலூனிலும் டீக்கடையிலும் ஏடு படித்துக் காட்டியது. எழுத்தறியாத தோழனையும் அரசியல் பேசவைத்தது. இன்று அதே படிப்பகத்தில் ஒரு பெஞ்சு போடுங்கள். தேர்வு முடிவு வந்ததும், கல்லூரியில் படிக்கும் இரண்டு தம்பி தங்கையரை அங்கே மாலைதோறும் உட்கார வையுங்கள். விண்ணப்பம் நிரப்பட்டும், சான்றிதழ்களைச் சரிபார்க்கட்டும், விருப்பப் பட்டியலைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டட்டும். ‘பெண்ணுக்குப் படித்தது போதும்’ என்று சொல்பவர் கழகக் கரைவேட்டி கட்டியவராக இருந்தாலும், அவர் வீட்டுக்கு முதலில் போங்கள்! தேர்வில் தவறிய பிள்ளையைத் தேடிப் பிடித்து, துணைத் தேர்வு உண்டு என்று தோளைத் தட்டுங்கள்.

கொடிக்கம்பம் நட்ட கைகளுக்கு இது பெரிய வேலையல்ல. கிளைக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு வழி சொன்னால் போதும். பத்துக் குடும்பங்களின் தலையெழுத்து என்று சொல்லப்படுவது தலைகீழாகும். குலம் கேட்காமல், கோத்திரம் பார்க்காமல், “உனக்கு என்ன ஆசை?” என்று கேட்கும் முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும்!