விமானம் தயாரிச்ச ஊர்... ஏறிப் பறக்க மட்டும் முடியல! ஓசூர் ஏர்போர்ட்டில் என்ன சிக்கல்?

டிசம்பர் 7, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து தினம். ரைட் சகோதரர்கள், ஜே.ஆர்.டி. டாடா எனச் சாதனையாளர்கள் பட்டியல் ஆண்டுதோறும் டைம்லைனில் ஓடும். அந்தப் பட்டியலில் நம்ம பழைய தருமபுரி மாவட்டத்துக்கும் ஓர் இடம் இருக்கு. எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

தருமபுரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஓசூர் பக்கத்துல இருக்கும் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் தொழிற்சாலையும் சொந்த ஓடுதளமும் அமைத்தது. 1994-ல் இத்தாலியின் பார்ட்டனாவியா நிறுவன வடிவமைப்பில் 'பி-68' என்ற ஆறு இருக்கை, இரட்டை இன்ஜின் விமானம் இங்கே தயாரானது. இந்தியாவில் சிவில் விமானம் தயாரித்த முதல் தனியார் நிறுவனம் என்ற பெயரும் கிடைத்தது. பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்சா' பயிற்சி விமானங்களும் பின்னர் இங்கே தயாராகின.

ஏன் ஓசூர்?

காரணம் பெங்களூரு. அங்கே 1940-லேயே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, அதாவது இன்றைய எச்.ஏ.எல்., தொடங்கப்பட்டது. அதைச் சுற்றி பொறியாளர்கள், உதிரிபாகக் கம்பெனிகள், ஆய்வகங்கள் வளர்ந்தன. ஓசூர் அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரம்தான். சிப்காட் தொழிற்பேட்டையும் இருந்தது. விமானப் பாகங்கள் தயாரிப்பு, பராமரிப்பு என வேலை இன்றும் நடக்கிறது. கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களே பராமரிப்புக்காக இங்கே வந்து போயிருக்கு. ஓடுதளத்தின் நீளம் 2 கி.மீ.க்கும் மேல்.

அப்புறம் ஏன் பயணிகள் விமானம் வரல?

தடை ஓடுதளத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கு. பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தைக் கட்டி நடத்தும் நிறுவனத்துடன் 2004-ல் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. அதன்படி, நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் வரக் கூடாது. மைசூரு, ஹாசன் ஆகிய இரண்டுக்கு மட்டும் விலக்கு.

பெருந்தொகை போடும் முதலீட்டாளருக்கு, பக்கத்திலேயே போட்டி வராது என்று கொடுத்த உத்தரவாதம் இது. நிலையம் திறந்தது 2008 மே மாதம். அப்படின்னா தடை 2033 மே வரை. ஓசூர் விமான நிலையம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோதும் மத்திய அரசு இந்த ஒப்பந்தத்தைத்தான் காட்டியது.

தருமபுரி நகரமும் இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. அங்கிருந்து கெம்பேகவுடா நிலையத்துக்கு வான்வழியில் ஏறக்குறைய 130 கி.மீ. சேலம் விமான நிலையம் ஏறக்குறைய 160 கி.மீ. என்பதால் கொஞ்சம் தள்ளி வெளியே இருக்கு.

இப்போ தருமபுரிக்காரங்க எங்கே போறாங்க?

வளைகுடா, சிங்கப்பூர் போறவங்களுக்குப் பெங்களூரு, சென்னை போன்ற விமான நிலையங்கள் வழி. பெங்களூரு ஏர்போர்ட் நகரத்தின் வடக்குப் பக்கம் இருப்பதால், நம்ம பக்கத்திலிருந்து போறவங்க மொத்த நகரத்தின் டிராஃபிக்கையும் தாண்டணும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் இருக்கு. தருமபுரியிலிருந்து சுமார் 50 கி.மீ. ஆனா அதன் வரலாறு விட்டு விட்டு வந்த கதை. கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018-ல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் சேவை மறுபடியும் தொடங்கியது. விமான நிலையம் இருந்தா மட்டும் போதாது, தொடர்ந்து டிக்கெட் விற்கணும் என்பதற்கு சேலமே சாட்சி.

2,000 ஏக்கர் அறிவிப்பு என்ன?

2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இடத் தேர்வு, நிலம், அனுமதி, கட்டுமானம் என எல்லாம் முடியவே பல ஆண்டுகள் ஆகும். அதனால 2033 என்ற கெடு முட்டுக்கட்டையாகத் தெரிந்தாலும், வேலையை இப்பவே தொடங்கினாத்தான் அப்போதாவது விமானம் பறக்கும் என்ற வாதமும் இருக்கு.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்

ஒன்று, ஒப்பந்தம். தடையைத் தளர்த்த மத்திய அரசும் பெங்களூரு நிலைய நிறுவனமும் சம்மதிக்குமா, இல்லை 2033 வரை காத்திருக்கணுமா?

இரண்டு, வான்பரப்பு. எச்.ஏ.எல். சோதனைப் பறத்தல், எலஹங்கா விமானப்படைத் தளம், கெம்பேகவுடா நிலையம் என அந்த வானம் ஏற்கனவே நெரிசல். பாதுகாப்புத் துறையின் சம்மதம் இல்லாம எதுவும் நடக்காது.

மூன்று, நிலம். ஓசூர் ரோஜா வெளிநாடு போகுது. பூவும் காய்கறியும் சீக்கிரம் சந்தை சேர விமான நிலையம் கைகொடுக்கும். ஆனா அந்தத் தோட்டங்களே ஏர்போர்ட்டுக்குப் போச்சுன்னா அனுப்ப என்ன இருக்கும்? எந்த 2,000 ஏக்கர், யாருடையது, என்ன இழப்பீடு என்பதற்கான பதில்தான், இந்தத் திட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லும்.