பம்பையெல்லாம் காணோம்

விக்கிக்கு நீட்சி எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே அழகாக ஒரு பட்டியல் தெரிகிறதே, அதன் எச்டிஎம்எல்லைப் பிய்த்து வேண்டியதை உருவிக்கொள்வார்கள். வேலை ஓடும். என்றைக்காவது ஒருவர் வார்ப்புருவைத் தொட்டு அட்டவணையில் ஒரு கட்டம் கூட்டுவார். அன்றைக்கு ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் தொலைபேசி எண் வந்து நிற்கும். பக்கத்தைப் படிக்காதே, தரவுக் கிடங்கிடமே கேள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 2005இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த முதல் விக்கிமேனியா மாநாட்டில் மார்க்கஸ் கிரோட்ச், டென்னி விரண்டெச்சிச் முதலானோர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பெர்லின் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு ஓர் இணைப்பு இருக்கிறது. படிக்கிறவருக்கு அது தலைநகரம் என்று புரியும். கணினிக்கு அது வெறும் இணைப்பு. அதனால் [[ஜெர்மனி]] என்பதற்குப் பதில் [[எதன் தலைநகரம்::ஜெர்மனி]] என்று எழுதிவிட்டால்? நடுவே இரண்டு கோலன், அவ்வளவுதான் புதிது. அதிலிருந்து வளர்ந்ததுதான் செமான்டிக் மீடியாவிக்கி. டென்னி பிறகு விக்கித்தரவைத் தொடங்கி நடத்தப் போனது தனிக் கதை.

பக்கத்துக்குள் கேட்பதற்கு '#ஆஸ்க்' இருக்கிறது. நீட்சிக்குள் பிஎச்பியிலிருந்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். நிபந்தனைகளைக் கொடுத்தால் கேள்வி ஒரு பொருளாக உருவாகிறது. அதைக் கிடங்கிடம் கொடுத்தால் வரிசை வரிசையாகப் பதில் வருகிறது. பக்கத்தில் காற்புள்ளியோடு அச்சாகிற மக்கள்தொகை இங்கே எண்ணாகவே கைக்கு வரும். தேதி தேதியாகவே வரும். ஒருமுறை பழகிவிட்டால் எச்டிஎம்எல் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

சங்கடம் இதற்குப் பிறகுதான். எங்களோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஓர் ஆலையின் உள்விக்கிக்காக, சர்வீஸ் செய்ய வேண்டிய இயந்திரங்களைத் திரட்டி மின்னஞ்சல் அனுப்பும் நீட்சி எழுதினார். சோதனைத் தளத்தில் இருந்ததே பத்து இருபது இயந்திரம். பட்டியல் கச்சிதமாக வந்தது. நிஜத் தளத்தில் ஏற்றினோம். மறுநாள் வந்து நின்றார்: "அண்ணே, கம்ப்ரசர் எல்லாம் வந்திருக்கு, ஜெனரேட்டர் வந்திருக்கு. பம்பையெல்லாம் காணோம்."

பம்பு மட்டுமா, மோட்டாரும் இல்லை. அகர வரிசையில் முதல் 50 இயந்திரங்களோடு பட்டியல் நின்றுவிட்டது. எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் செமான்டிக் மீடியாவிக்கி 50தான் தரும். பக்கத்தைப் பார்க்கிறவருக்கு அடியில் 'மேலும் முடிவுகள்' என்று ஓர் இணைப்பு தெரியும், சொடுக்கிப் பார்த்துக்கொள்வார். நிரலுக்கு அந்த இணைப்பு தெரியாது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணிவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களே இவ்வளவுதான் என்று கணக்கெழுதுகிற மாதிரி அது பாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும்.

"லிமிட்டை 5000 ஆக்கிடுறேன்" என்றார் தம்பி. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பக்கத்துக்குள் ஓடுகிற கேள்வி என்ற வகையில் அதை உருவாக்கியிருந்தால், 5000 கேட்டாலும் மூச்சுவிடாமல் 500ஆகக் குறைத்துக்கொள்ளும். பதிலிடமே 'இன்னும் இருக்கிறதா' என்று கேட்க ஒரு செயற்கூறு இருக்கிறது. ஏபிஐ வழியாக வந்தால், அடுத்து எத்தனையாவதிலிருந்து தொடர வேண்டும் என்று ஓர் எண்ணும் கூடவே வரும். அதைப் பார்த்து, தீரும் வரை சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டும். கூடுதலாக நாலு வரி.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கம் சேமிக்கப்பட்ட நொடியில் ஓடும் கொக்கியில் (ஹூக்) மாட்டிக்கொண்டு கேள்வி கேட்டால் பழைய பதில்தான் கிடைக்கும்; சேமித்த பிறகு சற்றுத் தள்ளித்தான் தரவு கிடங்கில் ஏறுகிறது. ஏறி முடிந்ததும் கூப்பிட செமான்டிக் மீடியாவிக்கியிலேயே தனிக் கொக்கி இருக்கிறது. அதில் மாட்டுங்கள்.

விக்கித்தரவின் வினவல் சேவையில் கேள்வி 60 நொடியைத் தாண்டினால் முகத்தில் அடித்தாற்போல் நேரம் முடிந்தது என்று பிழை வரும். பலர் அதைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்; அரைகுறைப் பதிலை முழுப்பதில் என்று நினைத்து ஏமாற அங்கே இடமில்லை.

இதைச் சொல்லக் காரணம், செமான்டிக் மீடியாவிக்கியில் பம்பு காணாமல் போனதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒரு கேள்வியின் நிபந்தனைகளுக்கு அளவு 16, ஆழம் 4 என்று வரம்பு வைத்தே அது நிறுவப்படுகிறது. வரம்பை மீறினால் கேள்வியை மறுப்பதில்லை. மிஞ்சிய நிபந்தனைகளை வெட்டிப் போட்டுவிட்டு, மீதிக்குப் பதில் தருகிறது. நிபந்தனை குறைந்தால் பதில் பெருகும். சென்ற மாதமே சர்வீஸ் முடிந்த இயந்திரமும் பட்டியலில் வந்து உட்காரும். ஆள் போய்ப் பிரித்துப் போட்டும் விடுவார். வெட்டிய விஷயம் பிழைச்செய்தியாகப் பதிலோடு வரத்தான் செய்கிறது, கேட்டு வாங்கினால். ஆகவே முடிவுகளைத் தொடுவதற்கு முன் பிழைப் பட்டியல் காலியா என்று பார்க்காத நீட்சியை நான் நிஜத் தளத்தில் ஏற்ற விடுவதில்லை. தம்பி முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.