செத்த பாஷையும் பூட்டிய படிப்பும்

சென்ற மாதம் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். பட்டறைக்காரர் கையால் மாங்காய்ப் பூட்டு செய்கின்ற தோழர். அவருடைய மகன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வகுப்பு படிக்கின்றான். பையன் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக் கொண்டிருந்தான். என்ன தம்பி என்று கேட்டதற்கு, சமஸ்கிருத சுலோகம், நாளைக்குப் பரீட்சை என்றான். அர்த்தம் என்ன என்று கேட்டோம். "அர்த்தமெல்லாம் கேக்க மாட்டாங்க. தப்பில்லாம எழுதினா முழு மார்க்" என்றான். தகப்பனார் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் பூட்டு வித்தா சாவியையும் சேத்துத்தான் குடுக்கிறேன். இவங்க பூட்டை மட்டும் குடுத்துக் காசு வாங்கிக்கிறாங்க" என்றார்.

தோழர்களே! செத்த பாஷைப் படிப்பைப் பற்றி அநேக பெரிய மனிதர்கள் அநேக பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கின்றார்கள். ஆனால் இந்தத் தொழிலாளி சொன்னதைவிட அதிகமாக அவற்றில் என்ன இருக்கின்றது?

பழைய பாஷைகளைப் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் படித்தால் புத்தி கூர்மையாகும், ஒழுக்கம் வளரும், முன்னோரின் ஞானம் கிடைக்கும் என்று சொல்லுகின்றார்கள். இது நம் நாட்டுப் பண்டிதர்கள் மாத்திரம் கண்டுபிடித்த வாதமல்ல. இங்கிலாந்தில் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் 1919 வரையிலும், ஆக்ஸ்போர்டில் 1920 வரையிலும் கிரேக்கம் தெரியாதவன் பட்டம் பெற முடியாது. கிரேக்கம் போன பின்பும் லத்தீன் 1960 வரையில் வாசற்படியில் காவலிருந்தது. கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும், ரசாயனத்தில் எவ்வளவு சமர்த்தனாயிருந்தாலும், லத்தீன் உபாத்தியாயர் இல்லாத பள்ளியில் படித்த தொழிலாளி மகனுக்கு அந்தக் கதவு சாத்தியேயிருந்தது. பணக்காரன் மகனோ பணம் கொடுத்து அந்தப் பாஷையைக் கற்று உள்ளே போனான். ஆகவே அங்கே லத்தீன் புத்தியை அளக்கும் கோலாக இருந்ததா, தகப்பன் பணப்பையை அளக்கும் கோலாக இருந்ததா?

சரி, கட்டாயத்தை எடுத்த பின்பு என்ன குடிமுழுகிப் போயிற்று? தேம்ஸ் நதி வற்றிவிட்டதா? இன்றைக்கும் அந்த இரண்டு சர்வகலாசாலைகளிலும் லத்தீனும் கிரேக்கமும் நடக்கின்றன. வேண்டியவன் படிக்கின்றான். வேண்டாதவன் மொழிபெயர்ப்பில் பிளேட்டோவைப் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கின்றான்.

லத்தீன் நமக்கும் தூரத்துச் சரக்கல்ல. நம் ஜில்லாவிலுள்ள கோடைமலையில், செண்பகனூரில், 1895-ல் ஏசு சபையார் ஏற்படுத்திய கல்லூரியில் குருப்பட்டத்துக்குப் படித்த பிள்ளைகள் லத்தீனோடுதான் வளர்ந்தார்கள். கீழே சமவெளியில் நம் கிறிஸ்தவ சகோதரர்கள் ஞாயிறுதோறும் முழங்காலிட்டுக் கேட்ட பூசையும் லத்தீனே. கேட்டவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது தமிழாயிற்று. தமிழில் கேட்டதால் எந்தக் கடவுளும் கோபித்துக்கொண்டு ஊரை விட்டு ஓடிப்போனதாகத் தெரியவில்லை.

நிற்க, பழைய பாஷையே விஷம் என்பது நம் கட்சியல்ல. 1440-ல் இத்தாலியில் லோரன்சோ வல்லா என்ற அறிஞர், கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி மேற்குத் தேசங்களைப் போப்பாண்டவருக்குத் தானம் செய்ததாகக் காட்டப்பட்டு வந்த சாசனத்தை எடுத்து, அதன் லத்தீனை வரிவரியாகச் சோதித்தார். சக்கரவர்த்தி காலத்து நடையும் சொற்களும் அதில் இல்லை, இது பிற்காலத்தார் செய்த போலிப் பத்திரம் என்று நாட்டினார். எந்தப் பாஷையால் மக்களை ஏமாற்றினார்களோ, அந்தப் பாஷையைப் படித்தே ஏமாற்றத்தை வெளியாக்கினார். இதற்குப் பெயர் படிப்பு. நம் பையன் முணுமுணுத்ததற்குப் பெயர் என்ன?

இனி நம் தேசத்துக் கதையைப் பார்ப்போம். 1823-ல் கல்கத்தாவில் சர்க்கார் பணத்தில் சமஸ்கிருதக் கல்லூரி வைக்கப் போகின்றார்கள் என்று தெரிந்தவுடன், வேண்டாம் என்று கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதியவர் யார்? ராஜாராம் மோகன் ராய். அவர் சமஸ்கிருதம் தெரியாத நம்மைப்போன்ற பாமரரல்ல. பிராமணர், உபநிஷத்துக்களை மொழிபெயர்த்த பண்டிதர். இந்தப் பணத்தைக் கணக்கும், ரசாயனமும், உடற்கூறு சாஸ்திரமும் கற்பிக்கச் செலவிடுங்கள் என்றார். சர்க்கார் கேட்கவில்லை. 1824-ல் கல்லூரி வந்தது. வந்த கல்லூரியில் சேர்ந்தவர் யார்? பிராமணரும் வைத்தியர் என்னும் ஜாதியாரும் மாத்திரமே. 1851-ல் ஈசுவர சந்திர வித்யாசாகர் அதற்குப் பிரின்சிபாலான பிறகுதான் மற்ற சில ஜாதியாருக்கும் கதவு சற்றுத் திறந்தது. வரிப்பணம் எல்லோருடையது, வகுப்பறை இரண்டு ஜாதிக்கு!

இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், பம்பாயில் அம்பேத்கர் பள்ளிப் பிள்ளையாயிருந்தபோது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டாதார் ஜாதிப் பிள்ளை என்று மறுக்கப்பட்டு, பாரசீகத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பின்னால் அவரே முயன்று சமஸ்கிருதம் கற்று, சாஸ்திரங்களை வல்லாவைப்போலப் பிரித்துப் பார்த்தார். கேட்டவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்பதும், கேட்காதவன் தலையில் கட்டுவேன் என்பதும் ஒரே கூட்டத்தின் இரண்டு கைகள் அல்லவா?

நம் பக்கத்துத் திருவையாற்றைப் பாருங்கள். தஞ்சை அரசர் சத்திரத்துச் சொத்தின் வருமானத்தில் நடந்த கல்லூரியில் முதலில் சமஸ்கிருதமே ஆட்சி செய்தது. தமிழ் நாட்டு நிலம், தமிழ் உழவன் கொடுத்த குத்தகை, ஆனால் தமிழுக்கு இடமில்லை. ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த காலத்தில் முயற்சி செய்துதான் அங்கே தமிழும் நுழைந்தது.

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். இன்றைய கணக்கையே பார்ப்போம். 2011 ஜனக்கணக்கில் சமஸ்கிருதம் தாய்மொழி என்று எழுதிக்கொண்டவர் 24,821 பேர். 2014-15 முதல் 2024-25 வரையில் மத்திய சர்க்கார் அந்தப் பாஷைக்குச் செலவிட்டது சுமார் 2,532 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துச் சுமார் 147 கோடி. பதினேழு பங்குக்கு ஒரு பங்கு! கோடிக்கணக்கான மக்கள் பேசும் ஐந்து பாஷைக்கு எலும்புத்துண்டு, ஒரு சிற்றூர் ஜனத்தொகைக்குத் தலைவாழை இலை! இதன் மேல் 2020 கல்விக்கொள்கை, பள்ளி முதல் காலேஜ் வரை எல்லா நிலையிலும் சமஸ்கிருதம் "விருப்பமாக" இருக்க வேண்டும் என்கின்றது. பணத்தையும் உபாத்தியாயரையும் ஒரு பக்கமே கொட்டிவிட்டு, பிள்ளையைப் பார்த்து உன் விருப்பம் என்று சொல்லுவது என்ன விருப்பம்?

தமிழ்ப் பண்டிதர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் 2004-ல் செம்மொழியாயிற்று என்று மேளம் அடித்துவிட்டு, பிள்ளைகளிடம் பழைய நூலை நெட்டுருப் போடச் சொன்னால் நீங்களும் பூட்டைத்தான் விற்கின்றீர்கள். 1812-ல் குறள் அச்சில் வந்தது. 1887-ல் சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். சிலர் வீட்டுப் பரணில் கிடந்த ஓடு எல்லோர் கைக்கும் வந்தது. அது பெரிய காரியம். ஆனால் கையில் வந்த புத்தகத்தைக் கேள்வி கேட்காமல் கும்பிடுவதானால் பரணிலேயே கிடந்திருக்கலாமே! தமிழ் நூலில் எழுதியிருக்கின்றது என்பதற்காக மூடநம்பிக்கை அறிவாகிவிடாது.

ஆகவே நாம் கேட்பது மூன்றே. செத்த பாஷை எதுவும் எந்தப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வாசற்படியாக இருக்கக்கூடாது. படிக்க விரும்புகின்றவன் எந்த ஜாதியானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், அர்த்தத்தோடும் கேள்வியோடும் படிக்க இடம் வேண்டும். பொதுப்பணம் முதலில் நம் பிள்ளைகளின் விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் பேசும் பாஷைக்கும் போகவேண்டும்.

பெற்றோர்களே! நாளைக்கு உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்தவுடன், இன்று படித்ததற்கு அர்த்தம் என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால் மறுநாள் நீங்களே பள்ளிக்கூடத்துக்குப் போய் உபாத்தியாயரைக் கேளுங்கள். பணம் கொடுத்துப் பூட்டு வாங்கினவன் சாவியைக் கேட்பதில் குற்றமொன்றுமில்லை.