பெயர்ச்சொல் வரலாம், வினைச்சொல் போகலாமா?

தென்னிந்தியாவின் முதல் ரயில் பொதுஜனங்களுக்காக இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கி ஓடத் தொடங்கியது 1856-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி. அந்த வண்டியிலேயே டிக்கெட், கார்டு, பிளாட்பாரம் முதலிய வார்த்தைகளும் ஏறிவந்து நமது பாஷையில் இறங்கிக்கொண்டன. அதற்காகக் கண்ணீர் வடிப்போரல்லோம் நாம். ரயில் தமிழன் நாவில் பழகி ‘ரயிலடி’ என்றாயிற்று. பிளாட்பாரமோ ஸ்டேஷனைவிட்டு வெளியேறித் தெருவோர நடைபாதைக்கும் பெயராயிற்று.

கடற்கரைக்கு இது புதிதன்று. மாலுமி, சுக்கான் என்பவை அரபு பாஷையிலிருந்து வந்தவை. நாமும் வாங்கியதோடு நிற்கவில்லை. நமது கட்டுமரம் 1697-ம் வருஷத்திலேயே டாம்பியர் என்ற ஆங்கில மாலுமியின் நூலில் ஏறிவிட்டது; இன்று அவர்கள் இரட்டைக் கூடுள்ள படகுக்கு அப்பெயரை வழங்குகிறார்கள் என்பது வேடிக்கை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த காலெட் துரையின் பெயரால் திருவொற்றியூருக்கருகில் நெசவாளருக்காக ஏற்பட்ட பேட்டை, ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது. துரையின் பெயரைக் காலடியாக்கிய ஜனங்களுக்கு எந்தச் சொல்லைக் கண்டு அச்சம்? 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அன்னியக் கப்பல்களுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியில் தொடங்கியதும் சுதேசிக் கப்பல் ‘கம்பெனி’யே. நம்மை ஆண்ட ‘கும்பினி’யும் அதே சொல்தான்.

ஆனால் வினைச்சொல்லின் கதை வேறு. கடை வைக்கிறோம், கொட்டகை போடுகிறோம், கம்பம் நாட்டுகிறோம், யந்திரம் பூட்டுகிறோம், சங்கம் நிறுவுகிறோம். ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியே வினை இருக்க, இன்று யாவும் ‘செட்டப் பண்ணு’வதாய் முடிகின்றன. (அச்சொல்லுக்குப் போலி ஏற்பாடு என்ற பொருளும் தெருவில் வழங்குவதைப் படித்தவர்கள் கவனிப்பார்களாக.) அவ்வாறே வீடு மாறுவதும், மூட்டையை நகர்த்துவதும், ஊரை விட்டுப் பெயர்வதும் ‘ஷிப்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. பெயர்ச்சொல் வந்தால் ஒரு புதுப் பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது. வினைச்சொல் போனாலோ, இருந்த பொருளைப் பிரித்தறியும் சக்தியே போகிறது.

நமது இலக்கணம் தன்வினை, பிறவினை என்று வகுத்திருப்பது வீணுக்கன்று. ‘குப்பம் பெயர்ந்தது’ என்பது வேறு. ‘குப்பத்தைப் பெயர்த்தார்கள்’ என்பது வேறு. பின்னதைக் கேட்டவுடன் எந்த வலைஞனும் “யார் பெயர்த்தார்கள்?” என்று திருப்பிக் கேட்பான். ‘ரீலொகேஷன்’ என்றால் கேள்விக்கே இடமில்லை. இடி மழைபோலத் தானே நேர்ந்த காரியமாகத் தோன்றுகிறது. ‘இடமாற்றம்’ என்று தமிழிலும் மூடி மறைக்கலாமே என்பார்கள். மறைக்கலாம், ஆனால் அந்தத் திரையை விலக்கக் குப்பத்திலுள்ள கிழவிக்கும் தெரியும்.

எண்ணூர்ப் பக்கத்தில் இது வெறும் பாஷாபிமான விவகாரமன்று. அனல்மின் நிலையங்களும் 2001-ல் தொழிலுக்கு வந்த துறைமுகமும் அக்கழிமுகத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. இத்தகைய புதுத் திட்டங்களைப்பற்றி, 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும். அதற்காகப் பிராந்திய பாஷையில் தரும்படி அறிவிக்கை வற்புறுத்துவது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே. எந்த வாய்க்கால் திரும்பும், எங்கே மண் கொட்டப்படும் என்ற விவரமெல்லாம் கிடப்பது முழு அறிக்கையில். அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. சுருக்கத்தைப் படித்துவிட்டு விவரத்துக்குச் சம்மதமோ மறுப்போ சொல்லவேண்டுமாம்! 2020-ல் புதிய அறிவிக்கையின் நகலை எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளில் வெளியிடும்படி டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டபோது, மத்திய சர்க்கார் அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை சென்றனர். ஒரு நகலை மொழிபெயர்க்க இத்தனை தயக்கம் ஏன்?

2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது, ஒரு ஸ்டேஷனுக்குச் ‘சுங்கச்சாவடி’ என்று தமிழில் அழகாகப் பெயர் எழுதினார்கள். நன்று. பெயர்ப்பலகைக்குக் கிடைத்த அந்த மரியாதை திட்ட அறிக்கைக்கும் கிடைக்கட்டும். சுருக்கமன்று, முழு அறிக்கையும் தமிழில் அச்சாகி, விசாரணைக்கு ஒரு மாதம் முந்தியே ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்தாரிடமும் சேரவேண்டும். அதில் ‘பெயர்த்தல்’ என்ற வினை வருமிடமெல்லாம் பெயர்ப்பவர் யாரென்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.