சீருடை அணியும் பிள்ளைக்குச் சமயம் தடையாகலாமா?



பிள்ளை சாரணர் சீருடை கேட்டால், ஓ.டி. பார்த்தாவது வாங்கிக் கொடுக்கிறீர்கள். பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சீருடையோடு வரும் உறுதிமொழியை என்றாவது வாசித்துப் பார்த்தீர்களா? கடவுளுக்கும், அரசருக்கும், நாட்டுக்கும் கடமை செய்வேன் என்பது அதன் முதல் வாக்கு.

நம்மில் பெரும்பாலோருக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது? "நம் இனத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அன்று முதல் பகுத்தறிவுக் குடும்பங்கள் நம்மிடையே வாழ்ந்து வருகின்றன.

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டார்கள். அங்குள்ள சாரணர் இயக்கம் இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற உறுதிமொழிகளை முன்பே வைத்திருந்தது. நம்பிக்கை இல்லாதவருக்கு மட்டும் இடமில்லை. மனிதன் நல்லவனாக வாழ அறிவும் அன்பும் போதும் என்று சொல்லும் மனிதநேயவாதிகள் இதை எதிர்த்துப் பலகாலம் குரல் கொடுத்தார்கள். 2013-இல் மாற்று உறுதிமொழி அறிவிக்கப்பட்டு, 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடவுள் பெயரால் உறுதி சொல்ல விரும்புபவர் இன்றும் அப்படியே சொல்கிறார். யாருடைய நம்பிக்கையும் பறிபோகவில்லை, வாசல்தான் அகலமானது.

நம் நாட்டிலும் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 12(3) விதி. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு அனுப்புமுன், வழிபாட்டு நேரத்தில் பிள்ளை எங்கே இருப்பான், உணவு என்ன என்று பொறுப்பாசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அதே கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். நாம் நடத்தும் இளைஞர் முகாமில் தேவாரம் பாடித் தொடங்குகிறோம். அங்கே கைகூப்பாமல் நிற்கும் தமிழ்க் கிறிஸ்துவப் பிள்ளையை, பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம்? ஒரு முறைப்பு போதும், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வரமாட்டான். துணையில்லாத பிள்ளையைத் தெருமுனைக் கும்பல் சமயம் கேட்டா சேர்த்துக்கொள்ளும்?

சிறுபான்மையினராக வாழும் நமக்கு, ஒதுக்கப்படும் வலி தெரியும். அந்த வலியை இன்னொரு பிள்ளைக்கு நாம் கொடுக்கலாமா? திருநீறு பூசிய பிள்ளைக்கும், சிலுவை அணிந்த பிள்ளைக்கும், எதுவும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே கூடாரத்தில் இடம் வேண்டும்.

நமக்காகக் கேட்போம். மற்றவருக்கும் கொடுப்போம்.