எண் ஏறியதற்காக மாத்திரையை நிறுத்தலாமா?

ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மருந்துச் சீட்டோடு இதய ஸ்கேன் ரிப்போர்ட்டும் என் மேசைக்கு வந்துவிடுகிறது. இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தின் அளவாக, 'கால்சியம் ஸ்கோர் 240' என்று போட்டிருக்கும். "தம்பி, ராகிக் களியை விட்டுரட்டுங்களா? பாலு குடிக்கலாமா?" என்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு.

களியில் இருக்கும் கால்சியம் நேராகப் போய் இதய ரத்தக்குழாயில் ஒட்டிக்கொள்வதில்லை. முதலில் எல்டிஎல் கொழுப்பு குழாய்ச் சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே சாகின்றன. அந்த இடத்தில் அழற்சி ஓயாமல் நடக்கிறது. செத்த அணுக்களின் மிச்சத்தில்தான் கால்சியம் துகள் துகளாகப் படிகிறது. போகப்போகச் சுவரின் தசை அணுக்களே எலும்பு அணுக்களைப் போல மாறத் தொடங்குகின்றன. ஸ்கேன் காட்டுவது பெரும்பாலும் பழைய புண்ணின் தழும்பை. சர்க்கரை, பீடி, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று புண்ணை உண்டாக்கியவற்றை விட்டுவிட்டுக் களிமேல் கோபப்பட்டு என்ன பயன்?

அழற்சியைத் தணித்தாலே மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு 2017இல் ஒரு பதில் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார்கள். கொழுப்பு குறையவில்லை, ஆனால் 150 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின; அது இதய மருந்தாகவில்லை.

அழற்சியைத் தணிக்க அடுத்துச் சோதித்த கோல்சிசின் மருந்து எங்கள் மண்ணோடு தொடர்புடையது. ஒட்டன்சத்திரம், மூலனூர் காடுகளில் பந்தலிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலிருந்து எடுப்பது. இதய ரத்தக்குழாய் நோயுள்ள 5,522 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் தினம் அரை மில்லிகிராம் நல்ல பலன் தந்தது. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 2024 ஆய்விலோ பலனில்லை. அதனால் யாருக்கு, எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது உடம்பில் தேங்கி விஷமாகும். கிழங்கின் விஷம் எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இரண்டாவது ஸ்கேன். ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுவருகிறவர் சலுகைப் பேக்கேஜில் மறுபடி எடுக்கிறார். 240 இப்போது 310. மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுகிறார். ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைத்து, அழற்சியையும் தணித்து, மெத்தென்று வெடிக்கத் தயாராக இருந்த படிவை இறுகச் செய்கிறது. இறுகினால் கால்சியம் அடர்த்தியாகும்; ஸ்கோர் ஏறும். மாத்திரை வேலை செய்வதாலேயே எண் கூடலாம்.

1990இல் அகட்ஸ்டன் என்ற டாக்டரின் குழு வகுத்த இந்தக் கால்சியம் ஸ்கோர் கணக்கு பயனற்றதல்ல. ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே தயங்கும் நடுத்தர ஆபத்துள்ளவருக்கு அது வழிகாட்டும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை எதற்கு விற்க வேண்டும்? ஸ்கேன் சென்டர்கள் படத்தை வண்ணத்தில் அச்சடிக்கின்றன. 'ஸ்டாட்டின் எடுப்பவருக்கு இந்த எண் ஏறலாம், டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்' என்ற வரியையும் எண்ணுக்குக் கீழேயே தமிழில் அச்சடிக்கட்டும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்கலாம்.